நோய் அத்தைக்கு, பழி மருமகளுக்கா?

"வயிற்றுக்குச் சோறு போட மாட்டேன் என்கிறாள் தாயே! காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை!"

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மூதாட்டி, தெருவோடு போகிற பெண்ணைக் கூப்பிட்டு இப்படிச் சொல்கிறார். கண்ணிலே நீர், குரலிலே நடுக்கம். கேட்டவள் உள்ளம் பதறாமல் என்ன செய்யும்? எந்த ஊர், எந்தத் தெரு என்று நம்மைக் கேட்க வேண்டாம். ஓர் ஊரின் பெயரைச் சொன்னால், 'ஏன், எங்கள் தெருவிலும் உண்டே!' என்று மற்ற ஊரார் கோபித்துக் கொள்வார்கள்.

அரை மணி நேரத்துக்கு முன்புதான் அந்த மூதாட்டி நான்கு இட்டலி தின்று முடித்தார். கை கழுவித் துடைத்த ஈரம் புடவைத் தலைப்பில் இன்னும் காயவில்லை. தெருவில் போகிறவளுக்கு அது தெரியாது. அடுப்படியில் நிற்கும் மருமகளுக்குத் தெரியும். அவளை யார் கேட்கப் போகிறார்கள்? பொழுது சாய்வதற்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. விசாரணை இல்லை, சாட்சி இல்லை, எதிர்வாதம் இல்லை. தீர்ப்பு மட்டும் உண்டு. 'கட்டியவன் சம்பாதித்துப் போட, கிழவியைப் பட்டினி போடுகிறாள் பார்!' வேலை முடிந்து மகன் வீடு திரும்புகிறான். அவனிடமும் அதே முறையீடு. அன்றிரவு அந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை.

யார் சொல்வது மெய்? மாமியார் சொல்வதா, மருமகள் சொல்வதா?

இருவருமே அறிந்து பொய் சொல்லவில்லை என்கிறோம் நாம். புதிராக இருக்கிறதா? விளக்குகிறோம்.

நம் மூளையின் உட்புறத்தில், காதுகளுக்கு நேராக இரு பக்கமும், ஹிப்போகாம்பஸ் என்றொரு சிறு பகுதி இருக்கிறது. கடையிலே பேரேடு எழுதும் கணக்கப்பிள்ளை போல, அன்றன்று நடப்பதைப் பதிந்து வைப்பது அதன் வேலை. அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் கை வைப்பது அந்தக் கணக்கப்பிள்ளை மீதுதான். அவன் படுத்துவிட்டால், காலையில் தின்ற இட்டலி ஏட்டில் ஏறுவதே இல்லை. ஏறாத ஒன்றை எப்படி நினைவுகூர்வது? ஆகவே, 'நான் சாப்பிடவில்லை' என்று அந்தத் தாய் சொல்வது பொய்யன்று. அவர் ஏட்டிலே உள்ளபடி அது உண்மை!

பழைய ஏடுகளோ நெடுங்காலம் அழியாமல் கிடக்கின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த தன் திருமணத்திலே பந்தியில் என்ன பரிமாறினார்கள், யார் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள் என்று வரிசை பிசகாமல் சொல்வார். தெரு ஏமாறுவது இங்கேதான். 'இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவருக்கா புத்தி கெட்டுவிட்டது? மருமகள் கட்டிவிட்ட கதை!' என்கிறது.

சுருக்குப்பை கதையும் இதுதான். யாராவது எடுத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பார். ஒளித்தது மறந்து போகும். பையைக் காணோம், தான் எடுக்கவில்லை என்பதில் ஐயமில்லை, அப்படியானால் எடுத்தது யார்? வீட்டிலே அருகில் இருப்பவள்தானே! எவள் ஓயாமல் கூடவே இருந்து பணிவிடை செய்கிறாளோ, அவள்தான் திருடி. இந்நோயின் கொடுமை இது.

இது நம் நாட்டு மருமகளுக்கு மட்டும் வாய்த்த தலைவிதி என்று எண்ண வேண்டாம். 1901 இல் செருமனி நாட்டு பிராங்க்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் அகுஸ்டே டேட்டர் என்ற பெண்மணி சேர்க்கப்பட்டார். வயது 51. அவரைக் கவனித்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர். அவர் எழுதி வைத்தது என்ன? கணவர் மீது கொண்ட ஐயமே அந்தப் பெண்ணிடம் முதலில் தென்பட்ட மாறுதல். பிறகு நினைவு மங்கியது. சொந்த வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் திகைத்தார். பொருள்களை அங்குமிங்கும் இழுத்துப் போய் ஒளித்து வைத்தார். தம்மைக் கொல்ல வருகிறார்கள் என்று கூவினார். 1906 இல் அவர் இறந்தபின் மூளையை உருப்பெருக்கியில் ஆய்ந்து, அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் மருத்துவர் கூட்டத்தில் விளக்கினார் அல்சைமர். மூளை சுருங்கியிருந்தது, உயிரணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிவுகள், உள்ளே முறுக்கிய நூல்போன்ற முடிச்சுகள். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. அங்கே ஐயத்துக்கு ஆளானவர் கணவர், இங்கே மருமகள். அவ்வளவுதான் வேற்றுமை.

டிமென்ஷியா என்பது பல நோய்களுக்குப் பொதுப்பெயர். அவற்றுள் நூற்றுக்கு 60 முதல் 70 வரை அல்சைமர் வகை. மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய்கள் அடைபட்டு வருவது இன்னொரு வகை. நம் மக்கள் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து, 'வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது' என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஈழத்தில் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பார்கள். யப்பான் நாட்டில் இந்நோய்க்கு வழங்கிய பழைய சொல் 'மடமை' என்ற பொருளும் தந்தது. நோயாளியை இழிவுபடுத்தும் சொல் வேண்டாமென்று 2004 இல் அரசே அதை விலக்கி வேறு சொல் வைத்தது. சொல்லை மாற்றினால் நோய் போய்விடுமா என்று கேட்பவர் கேட்கட்டும். நோய் போகாது. 'பைத்தியம்' என்று சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி மருத்துவமனை வாசலை மிதிக்காமல் இருப்பவர்கள் வருவார்களல்லவா?

எத்தனை பேர்? இந்தியாவில் 60 வயதைத் தாண்டியோரில் நூற்றுக்கு 7.4 பேருக்கு இந்நோய் உண்டென்றும், தொகை 88 இலட்சம் இருக்கலாமென்றும் 2023 இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். நகரத்தைவிடச் சிற்றூரில் அதிகம். தமிழ்நாட்டில் 60 கடந்தோர் 2011 கணக்கெடுப்பின்போதே நூற்றுக்குப் பத்துப் பேர். மூப்பு கூடக்கூட இந்நோயும் கூடும்.

இனி, பழி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். கோவாவில் மக்களிடம் கேட்டறிந்து 2001 இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்: முதியவரின் இந்தத் தடுமாற்றத்தை நோயென்று மக்கள் கருதவில்லை, வீட்டார் அன்பு காட்டாததாலும் புறக்கணித்ததாலும் வந்த கேடு என்றே பலர் கருதினர். கேரளத்துத் திருச்சூரில் பணிவிடை செய்வோரைச் சந்தித்து 2003 இல் வெளியிட்ட ஆய்வு மறுபுறத்தைக் காட்டியது. பணிவிடை செய்தோரில் பெரும்பாலோர் பெண்கள், பலர் மருமகள்கள். அவர்களுக்கும் இது நோயென்று யாரும் சொல்லவில்லை. 'வேண்டுமென்றே செய்கிறார்' என்று நினைத்தனர். ஊர், மருமகளைக் கொடியவள் என்கிறது. மருமகள், மாமியாரைச் சூதுக்காரி என்கிறாள். நடுவிலே பெயர் சொல்லப்படாமல் ஒரு நோய் உட்கார்ந்து இரண்டு பெண்களையும் தின்றுகொண்டிருக்கிறது!

ஆகவே முதற்பணி, நோயைப் பெயர் சொல்லி அழைப்பது. அதற்குக் கோடாங்கியிடம் போக வேண்டாம். 'செய்வினை' என்று எலுமிச்சம்பழம் நறுக்கவும் வேண்டாம். மருத்துவரிடம் போக வேண்டும்.

மறதியெல்லாம் நோயா? அன்று. சாவியை எங்கே வைத்தோமென்று தேடாதவர் யார்? தேடட்டும். சாவி எதற்கு என்பதே தெரியாமல் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றால், அது வேறு. நாற்பதாண்டு குழம்பு வைத்த கை, புளியைக் கரைத்துவிட்டு அடுத்து என்ன என்று திகைத்தால், பால் வாங்கப் போனவர் பழகிய தெருவிலே வழி தவறினால், அரை மணியில் ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டால் காலம் தாழ்த்தக் கூடாது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரையோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவரையோ பார்க்கலாம்.

போகும்போது நோயாளியை மட்டும் அனுப்புவதில் பயனில்லை. 'எப்படியம்மா இருக்கிறீர்கள்?' என்றால், 'எனக்கென்ன, நன்றாக இருக்கிறேன்!' என்பார். எது, எப்போது, எப்படித் தொடங்கியது என்பதைக் கூட இருப்பவர்தான் சொல்ல வேண்டும். மருத்துவருக்கு அதைவிடப் பெரிய சோதனை கிடையாது. 1975 இல் அமெரிக்காவில் வகுத்த வினாத்தாள் ஒன்று உலகெங்கும் வழங்குகிறது. தேதி என்ன, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது என்றெல்லாம் கேட்கும். பள்ளிக்கூட வாசலையே காணாத நம் பாட்டியை வாக்கியம் எழுதச் சொன்னால் என்ன ஆகும்? நோயில்லாதவரும் தோற்பார்! மறதி நோயாளிகளில் நூற்றுக்கு 66 பேர் வறிய நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் பத்துக்கும் குறைவானவையே அங்கு நடக்கின்றனவே என்று 1998 இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள், '10/66' என்றே தம் குழுவுக்குப் பெயரிட்டனர். படிப்பறியாதோரையும் முறையாகச் சோதிக்க, வீட்டார் வாய்மொழியையும் சேர்த்துக்கொள்ளும் வழியை வகுத்தார்கள். அவர்கள் ஆய்வு நடத்திய இடங்களில் நம் சென்னையும் வேலூரும் உண்டு.

குருதிச் சோதனையும் மூளைப் படமும் எதற்கு? மறதி நோய் போலவே வேடமிட்டு வரும் வேறு நோய்கள் இருக்கின்றன. பி12 உயிர்ச்சத்துக் குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்து மண்டைக்குள் உறைந்த குருதி, தூக்க மாத்திரை முதலிய சில மருந்துகள். கண்டுபிடித்தால் இவற்றைக் குணமாக்க முடியும். முழுதும் இல்லாவிட்டாலும் பெருமளவு குறைக்க முடியும். 'வயசாகிவிட்டது' என்று சொல்லி வீட்டில் வைத்திருந்தால், தீரக்கூடிய நோயும் தீராத நோயாகும். மருத்துவரிடம் போவதால் என்ன பயன் என்று கேட்போருக்கு இந்த ஒரு விடை போதும்.

அல்சைமர் நோய்க்கு முழுக் குணம் தரும் மருந்து இல்லை. இருக்கிறது என்று புட்டி விற்கிறவனை நம்பிக் காசைத் தொலைக்க வேண்டாம். டோனிபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின் என்ற மருந்துகள் சிலருக்குச் சிறிது காலம் ஓரளவு தெளிவு தருகின்றன. மூளையில் படியும் திட்டுகளைக் கரைக்கும் லெகானெமாப் என்ற ஊசிமருந்துக்கு 2023 இல் அமெரிக்கா முழு ஒப்புதல் அளித்தது. நோயின் தொடக்க நிலையில் உள்ளோருக்கே அது. நோய் வளரும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். மூளை வீக்கமும் கசிவும் நேரலாமென்பதால் அடிக்கடி மூளையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும். நம் திண்ணை மூதாட்டிக்கும் அதற்கும் இடைவெளி அதிகம். அவருக்கு மருந்து, பெரும்பாலும் வீடுதான்.

அந்த வீட்டில் என்ன செய்வது?

'சாப்பிடவில்லை' என்றால், 'இப்போதுதானே நான்கு இட்டலி விழுங்கினீர்கள்!' என்று வாதிட வேண்டாம். வாதத்தில் வென்று என்ன பயன்? 'இதோ அத்தை, ஆகிக்கொண்டிருக்கிறது' என்று சொல்லி ஒரு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்தால் போதும். நாலு இட்டலியை இரண்டிரண்டாகப் பிரித்து வைத்தாலும் சரி. பையைக் காணோமென்றால், 'நானா எடுத்தேன்?' என்று சீறாமல், 'வாருங்கள், தேடுவோம்' என்று கூடவே தேடலாம். ஒளிக்கும் இடங்கள் நாலைந்துதான் இருக்கும், பழகிவிடும். 'நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்!' என்று வந்தவரெல்லாம் பரீட்சை வைப்பதை முதலில் நிறுத்த வேண்டும். தெரியாமல் விழிக்கும் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? 'நான் உங்கள் பேரன் வந்திருக்கிறேன்' என்று நாமே சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

எழுவது, குளிப்பது, உண்பது, உறங்குவது எல்லாம் நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் நடக்கட்டும். பொழுது சாயும் வேளையில் பலருக்குக் கலக்கம் கூடும். 'எங்கள் வீட்டுக்குப் போக வேண்டும்' என்று மூட்டை கட்டுவார்கள். அந்த வேளைக்கு முன்பே விளக்கேற்றி, வெற்றிலை கிள்ளுவதோ பூக்கட்டுவதோ, கைக்குப் பழகிய வேலை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். வீட்டுப் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய துண்டு எப்போதும் உடையில் இருக்க வேண்டும். சமையல் முடிந்ததும் எரிவாயு உருளையின் திருகை மூடுக. குளியலறைத் தரையில் ஈரம் கூடாது; இரவெல்லாம் அங்கே சிறு விளக்கு எரியட்டும். படுக்கையில் விழுந்துவிட்டவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் வரும். கஞ்சி புகட்டும்போது நிமிர்த்தி உட்கார வைக்காவிட்டால் நுரையீரலுக்குள் போகும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். நேற்றுவரை ஒருவாறு இருந்தவர் இன்று திடீரென்று பிதற்றினால், ஓயாமல் உறங்கினால், அது மறதி நோய் முற்றியதென்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்க் கிருமியோ, மலச்சிக்கலோ, சொல்லத் தெரியாத வலியோ காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரவு கூச்சல் தாங்கவில்லையென்று மருந்துக் கடையில் தாமாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் ஆபத்து. மனநோய்க்குரிய மருந்துகள் இந்நோயாளிகளின் சாவைக் கூட்டுகின்றன என்று 2005 இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது.

இத்தனையும் யார் செய்வது? இதுதான் கேள்வி! மேலே எழுதிய ஒவ்வொரு வரியையும் படித்தபோது, வாசகரே, உங்கள் மனக்கண்ணில் நின்றது ஆணா, பெண்ணா? உலகெங்கும் இந்நோயாளிகளுக்குச் செய்யப்படும் பணிவிடை நேரத்தில் நூற்றுக்கு 70 பங்கு பெண்களுடையது என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். பெற்ற தாயின் நோய். பிள்ளை அலுவலகம் போகிறான். வேலையை விட்டவள் மருமகள். இரவு மூன்று மணிக்கு எழுந்து, கதவைத் திறக்கப் பார்க்கிறவரைப் பிடித்து உட்கார வைப்பவளும் அவளே. பொங்கலுக்கு இரண்டு நாள் வந்து தங்கும் நாத்தனாரோ, 'அம்மா நன்றாகத்தானே பேசுகிறார்! நீதான் ஏதேதோ சொல்கிறாய்' என்று கூறிவிட்டுப் பேருந்து ஏறுகிறார். விருந்தாளி முன் இந்நோயாளிகள் சற்று நேரம் தெளிவாகவே இருப்பதுண்டு. நாத்தனார் இரண்டு வாரம் தங்கட்டும், தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும், பிறகு பேசட்டும்! மகனும், தந்தையைக் குளிப்பாட்டினால், தாய்க்கு ஊட்டிவிட்டால், கை தேய்ந்துவிடாது.

பிள்ளைகளைப் பற்றி இன்னொன்று. தாய்க்கு ஊட்ட நேரமில்லாத சில கைகளுக்கு, அவர் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்க்க மட்டும் நேரம் கிடைக்கிறது! 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 12 ஆம் பிரிவு தெளிவாகவே கூறுகிறது: தான் செய்யும் ஒப்பந்தத்தைப் புரிந்துகொண்டு, அதனால் தனக்கு வரும் நன்மை தீமையை எடைபோட முடிந்தவரே ஒப்பந்தம் செய்யத் தக்கவர். அறியாதவரிடம் பெற்ற கைநாட்டு வழக்கு மன்றத்தில் நிற்காது. சொத்தைப் பற்றியும் சிகிச்சையைப் பற்றியும் நோயாளியின் விருப்பத்தை, நோய் தொடங்கும்போதே, அவர் தெளிவோடு இருக்கையிலேயே கேட்டு எழுதி வைப்பதுதான் நேர்மை.

அரசு என்ன செய்ய வேண்டும்? முதியோர் மருத்துவத்தில் சென்னை பின்தங்கிய ஊரன்று. 1978 இலேயே அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி. எஸ். நடராசன் முதியோருக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 இல் திறக்கப்பட்டது. மகிழ்கிறோம். ஆனால் தென்காசிக்கும் தருமபுரிக்கும் கிண்டி எவ்வளவு தொலைவு? வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாதவருக்கு வீட்டுக்கே உதவி வர வேண்டும்.

முடியுமா? கோவாவில் செய்து பார்த்திருக்கிறார்கள். 2008 இல் வெளியான ஆய்வு அது. 81 குடும்பங்கள். மேனிலைப் படிப்பு முடித்த உள்ளூர்க்காரர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, ஆறு திங்கள் வீடுகளுக்கு அனுப்பினார்கள். நோயைப் பற்றி விளக்கினார்கள். கூச்சலை எப்படிச் சமாளிப்பதென்று சொன்னார்கள். பணிவிடை செய்பவள் மனக்குறையை உட்கார்ந்து கேட்டார்கள். மருத்துவர் பின்னால் இருந்து மேற்பார்த்தார். பணிவிடை செய்தோரின் மனநலம் தேறியது, துயரம் குறைந்தது. பெரிய கட்டடம் எதுவும் கட்டவில்லை!

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', மகளிர் குழுப் பெண்களையே தன்னார்வலர்களாக்கி, குருதி அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி மருந்து கொண்டுபோனது. அதே பெண்களுக்கு இந்நோயை அடையாளம் காணவும், பணிவிடை செய்பவளை, 'நீ தூங்கினாயா அம்மா?' என்று கேட்கவும் பயிற்சி தருவதற்கு எவ்வளவு செலவாகும்? வட்டத்துக்கு ஒரு பகல்நேரக் காப்பகம் வேண்டும். காலையில் விட்டு மாலையில் அழைத்துவர. அந்தப் பகல் பொழுதில் மருமகள் ஒருவேளை வேலைக்குப் போவாள். ஒருவேளை வெறுமனே உறங்குவாள். இரண்டும் அவள் உரிமை.

வருமுன் காக்கவும் வழியுண்டு. கல்வியின்மை, காது கேளாமை, குருதி அழுத்தம், நீரிழிவு, புகை, குடி, தனிமை என 14 காரணங்களைச் சரிசெய்தால் இந்நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று 'லான்செட்' மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2024 இல் கூறியது. பட்டியலின் முதல் சொல்லைக் கவனியுங்கள். 'பெண்ணுக்கு எதற்குப் படிப்பு?' என்று அறுபதாண்டுக்கு முன் ஒரு சிறுமியை அடுப்படிக்கு அனுப்பினார்களே, அந்தச் சிறுமிதான் இன்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பல மூதாட்டியருள் ஒருவர்.

மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுக்கும் கட்டணமில்லை. அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கூடத்துச் சுவரிலும், மகன் கண்ணில் படும்படி, ஒன்று ஒட்டுங்கள்.